கவசம் கால்களை மறந்த கதை

ஒரு படக் காட்சி. கதாநாயகன் நெஞ்சில் சுடுபடுகிறான். பத்தடி பறந்துபோய் மேசையை உடைத்துக்கொண்டு விழுகிறான். ஆள் முடிஞ்சான் எண்டு எல்லாரும் நினைக்க, மெல்ல எழும்பி, சேர்ட்டைத் திறந்து, உள்ளே போட்டிருக்கிற கறுப்பு ஜக்கெற்றைக் காட்டுகிறான். தியேட்டரில் விசில் பறக்கும். நாங்களும் விசில் அடிச்சிருக்கிறோம்.

இன்னொரு காட்சி, படங்களில் அதிகம் வராதது. 2009 இன் தொடக்க மாதங்கள், வன்னி. இடம்பெயர்ந்து போன சனம் போகிற இடமெல்லாம் பங்கர் வெட்டுகிறது. மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லை. பெட்டிக்குள் மிச்சமிருந்த சீலைகளை எடுத்து, பட்டுச் சீலைகளையும் விடாமல், வெட்டிப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்குகிறார்கள். எங்கட தலைமுறை இந்தக் கதையைப் பெரியாக்களின் வாயால் கேட்டு வளர்ந்தது.

இரண்டும் கவசம் பற்றிய காட்சிகள்தான். முதலாவதில் பௌதிகம் பிழை. இரண்டாவதில் சரி. சீலையும் மண்ணும் ஏன் உலோகத்தை நிறுத்துகின்றன, உருக்குத் தகடு ஏன் சில வேளை நிறுத்துவதில்லை, துவக்குச் சன்னத்தைப் பிடிக்கிற ஜக்கெற் ஏன் ஒரு கூரிய கத்தியிடம் தோற்கிறது என்று தேடப் போனோம். போன இடத்தில் வேறொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டது. நீண்ட கவச வரலாறு முழுக்க மனிதர்கள் நெஞ்சையும் தலையையும் எப்படியாவது மூடியிருக்கிறார்கள். கால்களை மட்டும் திரும்பத் திரும்பக் கைவிட்டிருக்கிறார்கள். ஏன்?

தாங்குவது இல்லை, பங்கிடுவது

முதலில் அந்தப் பறக்கிற கதையை முடிப்போம். ஒரு கைத்துப்பாக்கிச் சன்னம் ஏறக்குறைய 8 கிராம். செக்கனுக்கு 400 மீற்றர் வேகம் என்று வைப்போம். சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த உந்தத்தைக் கணக்குப் பாருங்கோ: திணிவு தர வேகம், 3.2. அந்த உந்தம் முழுவதையும் 70 கிலோ ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டாலும் அவர் பின்னால் நகரும் வேகம் செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றர்கூட இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் இடிப்பதை விடக் குறைவு. இல்லாட்டி, சுட்டவனும் எதிர்ப்பக்கம் பறந்திருக்க வேண்டுமே!

அப்ப ஆபத்து எங்கே இருக்கிறது? சக்தியில். அதே சன்னத்தின் இயக்க சக்தி 640 ஜூல். அந்தச் சக்தி முழுவதும் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில், கண் இமைப்பதை விடப் பல மடங்கு குறைந்த நேரத்தில் இறங்குகிறது. ஆளைக் கொல்வது தள்ளு இல்லை, அந்த ஒடுக்கம்.

ஆகவே கவசத்தின் வேலை பலசாலி போல நின்று தாங்குவது இல்லை. பங்கிடுவது. இரண்டு விதமாகப் பங்கிடலாம். ஒன்று, பரப்பில். ஒரு சதுர மில்லிமீற்றரில் இறங்க வேண்டிய விசையை உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பிவிட்டால் அமுக்கம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்துவிடும். மற்றது, நேரத்தில். கிறிக்கெட்டில் வேகமாக வருகிற பந்தைக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்போம்தானே? பந்து நிற்க எடுக்கிற தூரத்தையும் நேரத்தையும் கூட்டுகிறோம், விசை குறைகிறது. விறைத்த கையில் பிடித்தால் விரல் போகும். கவச வரலாறு முழுவதும் இந்த இரண்டு பங்கீட்டையும் வெவ்வேறு பொருட்களால் செய்து பார்த்த வரலாறுதான்.

ஆனால் பங்கீட்டுக்கு ஒரு விலை உண்டு: பாரம். பிறகு வெக்கை. பிறகு காசு. எந்த ஆயுதத்துக்கு எதிராக, உடம்பின் எந்தப் பகுதியை, யாருடைய உடம்பை மூடுவது என்ற தெரிவு அங்கேதான் தொடங்குகிறது.

வெட்டு, குத்து, அடி

வளையக் கவசத்தை எடுப்போம். ஆயிரக்கணக்கான சின்ன இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்த சட்டை. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நாலு வளையங்கள் கோத்திருக்கும். இதைக் கண்டுபிடித்தவர்கள் கோல் மக்கள் என்று ரோம எழுத்தாளர் வர்ரோ சொல்கிறார். ரோமப் படை அதை எடுத்துக்கொண்டது. பிறகு ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இந்தியாவிலும் ஆயிரம் வருடத்துக்கு மேல் அது நின்று பிடித்தது.

வாளின் வெட்டு நீளமான விளிம்பால் வருகிறது. அந்த விளிம்பின் கீழே ஒரே நேரத்தில் பல வளையங்கள் அகப்படும். எல்லாம் சேர்ந்து விசையைப் பங்கிட்டுக்கொள்ளும். வெட்டு தோலுக்குப் போகாது. ஆனால் ஒடுங்கிய முனை கொண்ட ஈட்டியோ அம்போ ஒரே ஒரு வளையத்துக்குள் நுழைந்துவிட்டால் பங்கிட ஆள் இல்லை. அந்த ஒரு வளையம் தனியாக நின்று தோற்கும். தண்டாயுதம் வந்தால் கதை வேறு. வளையம் ஒன்றுகூட உடையாது. ஆனால் சட்டை வளைந்து கொடுப்பதால் அடி நேரே எலும்புக்குப் போய்விடும். சட்டை முழுசு, உள்ளே இருக்கிற ஆள் முறிவு.

அதனால்தான் வளையச் சட்டைக்குக் கீழே லினன் துணியைப் பல அடுக்காகத் தைத்து, பஞ்சோ கம்பளியோ அடைத்த தடித்த அங்கி ஒன்றைப் போட்டார்கள். உலோகம் பரப்பில் பங்கிட, துணி நேரத்தில் பங்கிடும். இந்தக் கூட்டணியை மனதில் வைத்திருங்கோ. பின்னால் பெயர் மாறி மாறி வரும்.

எங்கட மொழியிலும் இதற்குத் தடயம் உண்டு. சங்கத் தமிழில் கேடகத்துக்கு ‘தோல்’ என்றே ஒரு பெயர். கவசத்துக்கு ‘மெய்ம்மறை’ என்ற அழகான சொல், உடம்பை மறைப்பது. உலோகத்துக்கு முதல் மனிதரைக் காத்தது தோலும் துணியும் மரமும்தான் என்பதைச் சொல்லே ஞாபகம் வைத்திருக்கிறது.

காலில் ஏறுகிற பாரம்

14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் மிலானிலும் தென் ஜேர்மன் நகரங்களிலும் கம்மாளர்கள் தலை முதல் பாதம் வரை உருக்குத் தகட்டால் மூடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு தகடு முழுவதும் ஒரே துண்டு என்பதால் விசை உடனே பரவும். மார்புத் தகட்டைத் தட்டையாகச் செய்யாமல் கோழி நெஞ்சு போலப் புடைத்துச் செய்தார்கள். அம்பு நேரே படாமல் சறுக்கிப் போகும். சறுக்குகிற அம்பு தன் சக்தியைக் கவசத்துக்குக் கொடுக்காமல் தன்னோடேயே கொண்டு போய்விடும். சரிந்து படுகிற அம்புக்கு முன்னால் தகடு தடிப்பாகவும் தெரியும். 45 பாகையில் வந்தால் 2 மில்லிமீற்றர் தகடு 2.8 மில்லிமீற்றர் போல நிற்கும். பாரம் ஏறாமல் தடிப்பு ஏறுவது என்றால் இதுதான்.

முழுக் கவசம் 15 முதல் 25 கிலோ வரை வரும். விழுந்தால் எழும்ப முடியாது, குதிரையில் ஏற்றப் பாரந்தூக்கி வேணும் என்பதெல்லாம் பிற்காலக் கட்டுக்கதை. பாரம் உடம்பு முழுக்கப் பிரிந்திருப்பதால் பழகினவர்கள் ஓடினார்கள், ஏறினார்கள்.

ஆனாலும் விலை இருந்தது. 2011 இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக்காலப் பாணிக் கவசம் அணிந்தவர்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் விட்டு மூச்சை அளந்தார்கள். நடப்பதற்கே உடல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவழித்தது. அதே பாரத்தை முதுகுப் பையில் சுமப்பதை விட இது கூட. காரணம் கால்கள். முதுகில் இருக்கிற பாரம் கூடவே வரும். காலில் கட்டின பாரத்தை ஒவ்வோர் அடியிலும் தூக்கி, வீசி, நிறுத்தி, மறுபடி தூக்க வேண்டும். கிழங்கு மூட்டையோடு நடப்பதையும் வயல் சேறு அப்பின சப்பாத்தோடு நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும்.

1415 ஒக்டோபரில் அஜின்கூர்ட்டில் நடந்தது அதுதான். மழையில் நனைந்த உழுத வயல். கவசம் போட்ட பிரெஞ்சுப் படைவீரர்கள் சேற்றில் நடந்து வந்து சேர்வதற்குள்ளேயே களைத்துவிட்டார்கள். நல்ல மார்புத் தகட்டைத் தூரத்திலிருந்து வந்த அம்பு துளைப்பது அரிது. ஆனால் அம்புமாரி அவர்களை நெருக்கித் தள்ளியது. விழுந்தவர்களுக்கு மேல் வந்தவர்கள் விழுந்தார்கள். அம்புக்குப் பதில் சொன்ன கவசத்திடம் சேற்றுக்குப் பதில் இல்லை.

பாரம் என்கிற காசு

துவக்கு வந்தபோது கணக்கே மாறியது. இழுத்துக் கட்டின நீள வில்லில் இருந்து புறப்படுகிற அம்பின் சக்தி ஏறக்குறைய 100 ஜூல். 30 கிராம் ஈயக் குண்டு செக்கனுக்கு 450 மீற்றரில் வந்தால் 3000 ஜூல். முப்பது மடங்கு.

கம்மாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தகட்டைத் தடிப்பாக்கினார்கள். செய்து முடித்த மார்புத் தகட்டுக்குத் தாங்களே சுட்டு, அந்தப் பள்ளத்தை அழிக்காமல் விட்டு விற்றார்கள். அதுதான் உத்தரவாதம். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றைக்கும் அந்தப் பள்ளத்தோடு தகடுகள் இருக்கின்றன. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் பழைய ஆயுதக் களஞ்சியம் ஒன்று முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களோடு அப்படியே இருக்கிறது. 1980களின் இறுதியில் அங்கிருந்த சில பழைய துவக்குகளை உண்மையாகவே சுட்டு அளந்தார்கள். வாயில் இருந்து வெளிவரும் வேகம் ஒலியை விடக் கூட என்று தெரிந்தது. ஆனால் உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். நூறு மீற்றர் தள்ளி நிற்பவருக்குத் தடித்த தகடு பிரயோசனம், கிட்ட நிற்பவருக்கு இல்லை.

தகட்டின் தடிப்பை ஒன்றரை மடங்காக்கினால் துளைக்கத் தேவையான சக்தி ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது நல்ல வியாபாரம்தான். ஆனால் ஒரு மனிதன் சுமக்கக்கூடிய பாரம் ஏறாது. கையில் இருக்கிறது இருபது கிலோ என்றால் அந்த இருபது கிலோவையும் எங்கே செலவழிப்பது? நெஞ்சில். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைப் படையின் கவசம் முழங்காலோடு நின்றுவிட்டது. கீழே வெறும் தோல் சப்பாத்து. பிறகு தொடையும் போனது, கையும் போனது. மார்புத் தகடும் தலைக்கவசமும் மட்டும் மிஞ்சின. கால்கள் கைவிடப்பட்டது மறதியால் இல்லை. கணக்குப் பார்த்தே விட்டார்கள்.

அந்தக் கணக்கின் முடிவை 1880 ஜூனில் அவுஸ்திரேலியாவின் கிளென்ரோவனில் பார்க்கலாம். நெட் கெலி என்ற தலைமறைவுக்காரனும் கூட்டாளிகளும் கலப்பைத் தகடுகளைக் காட்டு உலையில் காய்ச்சி அடித்துக் கவசம் செய்தார்கள். ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் தடிப்பு. கெலியின் கவசம் மட்டும் 44 கிலோ. விடியற்காலைப் புகைக்குள்ளால் அவன் நடந்து வர, பொலிஸ் சுட்ட சன்னங்கள் தகட்டில் பட்டுத் தெறித்தன. இது மனிதனா பேயா என்று சுட்டவர்களே திகைத்தார்கள். பிறகு ஒருவர் கால்களைப் பார்த்துச் சுட்டார். கெலி விழுந்தான். பிடிபட்டு நவம்பரில் தூக்கில் போடப்பட்டான். கூட்டாளி ஒருவனும் தகடு முடிகிற இடத்துக்குக் கீழே, தொடையடியில் சூடுபட்டே இறந்தான். நெஞ்சுத் தகடு இன்றைக்கும் மெல்பேர்னில் நூலகக் கண்ணாடிக்குள் இருக்கிறது. சன்னம் பட்ட பள்ளங்கள் தெரியும். ஒன்றும் துளைத்துப் போகவில்லை.

துணி திரும்பி வருகிறது

கெலி இறந்த அடுத்த வருடம், 1881 இல், அமெரிக்காவின் அரிசோனாவில் டொக்டர் ஜோர்ஜ் குட்ஃபெலோ சுடுபட்டு இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதித்தார். சன்னம் நெஞ்சுக்குள் ஆழமாகப் போயிருந்தது. காயத்துக்குள் ஒரு பட்டுக் கைக்குட்டை. இழுக்க, சன்னமும் கூட வந்தது. கைக்குட்டை கிழியவே இல்லை. ஆளைத் துளைத்த சன்னத்தால் பட்டைத் துளைக்க முடியவில்லை. அவர் இதைப் பற்றி 1887 இல் கட்டுரை எழுதினார். அந்தச் சின்னச் சம்பவத்துக்குள் இரண்டு பாடங்கள். இழை மெல்லியதாக இருந்தாலும் இழுவிசையைத் தாங்கும். ஆனால் துணி கிழியாததால் மட்டும் ஆள் தப்பமாட்டார்.

சிக்காகோவில் காசிமிர் செக்லென் என்ற போலந்துப் பாதிரியார் பட்டை நெருக்கமாக நெய்து பல அடுக்காக்கி 1897 இல் காப்புரிமை எடுத்தார். அந்தக்காலக் கைத்துப்பாக்கியின் மெதுவான ஈயச் சன்னத்தை அது நிறுத்தியது. விலையோ சாதாரண ஆட்களுக்கு எட்டாதது.

அதற்கு முப்பது வருடம் முன்னதாகவே கொரியாவில் பருத்தியில் இதைச் செய்திருந்தார்கள். 1866 இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து தாக்கிய பிறகு, துவக்கை எப்படி எதிர்கொள்வது என்று அரசு கேட்க, பருத்தித் துணியைப் பல அடுக்காகத் தைத்த ‘மியொன்ஜெ பேகப்’ என்ற அங்கி பிறந்தது. 1871 ஜூனில் அமெரிக்கப் படை கங்குவா தீவில் இறங்கியபோது வீரர்கள் அதைப் போட்டிருந்தார்கள். கோடை வெக்கையில் தடித்த பருத்தி. எதிரே புதிய துவக்கு, மேலே பீரங்கி. எறிகணைத் தீ பருத்தியில் பற்றிக்கொண்டது. அமெரிக்கர் எண்ணிய கொரிய உடல்கள் 243. அமெரிக்கப் பக்கம் இறந்தவர்கள் மூன்று பேர். போன சண்டையின் ஆயுதத்துக்குத் தைத்த கவசம் அடுத்த சண்டைக்கு வந்து நின்றது.

முதலாம் உலகப் போரில் உருக்குத் தலைக்கவசம் திரும்பி வந்ததும் இந்தப் பாடத்தோடுதான் சேர்த்துப் படிக்க வேண்டியது. 1915 இல் பிரான்ஸ் கொடுத்த ஏட்ரியன் ஹெல்மெட்டின் தகடு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ரைபிள் சன்னத்துக்கு அது கடதாசி. ஆனால் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் ரைபிள் இல்லை, மேலே வெடித்துச் சிதறிய எறிகணைத் துண்டுகளும் சின்ன ஈயக் குண்டுகளும். பிரித்தானிய ஹெல்மெட் தட்டுப் போல அகலமாக இருந்ததும் அதனால்தான். ஆபத்து மேலே இருந்து வந்தது. ‘இது எதை நிறுத்தும்?’ என்ற கேள்வியை விட ‘இங்கே எது வருகிறது?’ என்ற கேள்வி முக்கியம்.

640 ஜூலைப் பிடித்து 40 ஜூலை விடுவது

1965 இல் டூபொன்ற் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற இரசாயனவியலாளர் டயருக்குள் வைக்கப் பாரமில்லாத, பலமான இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் கிடைத்த கரைசல் வழக்கம்போலத் தடித்துத் தெளிவாக இல்லாமல், கலங்கித் தண்ணியாக இருந்தது. இழை நூற்கும் பொறிக்குப் பொறுப்பானவர் பொறி அடைத்துவிடும் என்று தயங்கினார். குவோலெக் விடாமல் கேட்டு நூற்க வைத்தார். வந்தது கெவ்லார். அதே பாரத்துக்கு உருக்கை விட ஐந்து மடங்கு பலம். 1970களின் நடுப்பகுதியில் அது பொலிஸ் ஜக்கெற்றானது.

கால்பந்து கோல் வலையை நினையுங்கோ. பந்து ஒரு கண்ணியில் படுகிறது, வலை முழுவதும் அசைகிறது. கெவ்லாரில் ஓர் இழையில் இழுவை ஏற்பட்டால் அந்தச் செய்தி இழை வழியே செக்கனுக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். சன்னம் சில மில்லிமீற்றர் நகர்வதற்குள் அக்கம்பக்கத்து இழைகள் எல்லாம் வேலைக்கு வந்துவிடும். மெல்லிய ஈயச் சன்னம் காளான் போல விரிந்து, தன் பரப்பைத் தானே கூட்டி, இன்னும் கூட இழைகளில் மாட்டிக்கொள்ளும். 640 ஜூல் அங்கேயே முடியும்.

இப்ப கத்தியைக் கொண்டு வருவோம். அமெரிக்காவின் கத்திக்குத்துத் தரநிலை ஜக்கெற்றிடம் கேட்பது 24 முதல் 43 ஜூல் வரைதான். சன்னத்தின் பதினைந்தில் ஒரு பங்கு. ஆனால் சாதாரண கெவ்லார் ஜக்கெற் இதில் தோற்கலாம். சாக்கை ஒருக்கா கையால் கிழித்துப் பாருங்கோ, முடியாது. ஆனால் சாக்குத் தைக்கிற கோணி ஊசி சிரமமில்லாமல் போகும். அது இழையை அறுப்பதில்லை, இரண்டு இழைக்கு நடுவால் விலத்திக்கொண்டு போகிறது. பங்கிட ஆளைக் கூப்பிடவே விடாது. ஆகவே கத்திக்கு எதிரான ஜக்கெற்றில் நெசவை இன்னும் இறுக்குகிறார்கள், பிசின் பூசுகிறார்கள். சிலதில் உள்ளே மெல்லிய வளையக் கவசமே வைக்கிறார்கள். கோல் மக்களின் அதே வளையம்!

சன்னம் நின்றால் மட்டும் போதாது என்ற குட்ஃபெலோவின் இரண்டாவது பாடமும் தரநிலைக்குள் வந்தது. ஜக்கெற்றைக் களிமண் கட்டியில் கட்டிச் சுடுவார்கள். பின்னால் களிமண்ணில் விழுகிற பள்ளம் 44 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. தண்டாயுதம் பட்ட வளையச் சட்டையின் அதே பிரச்சினை, அதற்கு இப்ப ஓர் அளவுகோல்.

ரைபிளுக்கு இதுவும் காணாது. ஏ.கே. ரகச் சன்னம் ஏறக்குறைய 2000 ஜூல், அதைவிடப் பெரிய ரைபிள் 3400 வரை போகும். முனையும் கூர், வேகமும் கூட. அதற்கு செரமிக் தகடு. அது சன்னத்தை விடக் கடினம். மோதுகிற கணத்தில் சன்னத்தின் முனையை நொறுக்கித் தானும் நொறுங்கும். துண்டுகளைப் பின்னால் இருக்கிற இழை அடுக்கு பிடிக்கும். கடினமானது முன்னால், மென்மையானது பின்னால். பழைய கூட்டணிதான். ஆனால் செரமிக் பாரம், விலையும் கூட. ஆகவே தகடு நெஞ்சளவுதான். கால்கள் மறுபடியும் கணக்கில் இல்லை.

வெக்கையான நாட்டில் இருக்கிற நாங்கள் இன்னொன்றையும் தெரிந்து வைக்க வேணும். கெவ்லாரை விடப் பலமானது என்று சைலன் என்ற இழை ஒரு காலம் கொண்டாடப்பட்டது. ஈரப்பதனும் வெளிச்சமும் அந்த இழையை மெல்ல மெல்ல அரிக்கும் என்பது பிறகே தெரிந்தது. 2003 இல் அமெரிக்காவில் ஒரு பொலிஸ்காரர் அணிந்திருந்த சைலன் ஜக்கெற் துளைக்கப்பட்டது. 2005 இல் சைலன் ஜக்கெற்றுகளின் அங்கீகாரத்தையே அங்கு நீக்கினார்கள். வெளியே பார்க்கப் புதுசு போலவே இருக்கும். ஒரு கவசம் அணிந்தவரின் வியர்வைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மண்ணும் சீலையும்

இனி அந்தச் சீலைப் பைகளுக்குத் திரும்புவோம். மண் ஏன் நிறுத்துகிறது? சன்னமோ எறிகணைத் துண்டோ மண்ணுக்குள் நுழைந்தால் கோடிக்கணக்கான மணிகளைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடு உராய்ந்து சக்தியை வெப்பமாக்கும். பரப்பிலும் பங்கீடு, நேரத்திலும் பங்கீடு. ஒரே குறை, மண் தானாக நிமிர்ந்து நிற்காது. சீலையின் வேலை அதை நிமிர்த்திப் பிடிப்பது. செக்லென் பணக்காரருக்கு நெய்த பட்டும், வன்னியில் தாய்மார் தைத்த பட்டும் இழை என்ற அளவில் ஒன்றுதான். ஒன்றை உடம்பில் போட்டார்கள். மற்றதற்குள் உடம்புகள் ஒளிந்துகொண்டன.

ஷெல் சத்தம் கேட்டால் விழுந்து படு என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் பௌதிகம்தான். நிலத்தில் வெடிக்கிற எறிகணையின் துண்டுகள் பெரும்பாலும் சரிந்து மேல்நோக்கிப் போகும். படுத்த உடம்பு அவற்றின் பாதைக்குக் காட்டும் பரப்பு மிகக் குறைவு. பங்கரை ‘எல்’ வடிவத்தில் வளைத்து வெட்டியதும் அதுக்குத்தான், துண்டு வளைந்து திரும்பாது. மேலே பனங்குற்றியும் மண்ணும். ஆனால் நேரே மேலே விழுகிற ஷெல்லுக்கு அந்தப் பங்கரிடமும் பதில் இருக்கவில்லை. அதை எங்கட சனம் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

போர் முடிந்த பிறகும் நிலத்துக்குள் ஓர் ஆயுதம் மிஞ்சிக் கிடந்தது. கவச வரலாறு கைவிட்ட உறுப்பையே குறிவைத்துச் செய்தது: மிதிவெடி. ஒரு சின்ன மிதிவெடிக்குள் இருக்கிற வெடிமருந்து 30 முதல் 50 கிராம், ஒரு பிடி அரிசி அளவு. ஆனால் பாதத்துக்கும் அதற்கும் இடையில் தூரம் இல்லை. வெடியின் அமுக்கம் கிட்டிய தூரங்களில் மிக வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. தூரம் பூச்சியம் என்றால் பங்கிட நேரமும் இல்லை, பரப்பும் இல்லை. எந்தச் சப்பாத்தை நம்பி மிதிக்க முடியும்? யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிற நிலையத்தின் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு எங்களை விட நன்றாகத் தெரியும்.

முகமாலைப் பக்கம் ஏ-9 வீதியால் போனவர்கள் சிவப்புப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பலகைகளுக்கு அங்கால் வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறுபவர்களின் கவசத்தைப் பாருங்கோ. முன்பக்கம் மட்டும் மூடுகிற இழை அங்கி. முகத்துக்கும் தொண்டைக்கும் 5 மில்லிமீற்றர் பொலிகார்பனேற் மறைப்பு. சர்வதேசத் தரநிலை கேட்பது, 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 240 கிராம் ரி.என்.ரி. வெடித்தால் அந்த அங்கி தாங்க வேண்டும் என்பது. முதுகு பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஆபத்து முன்னால், வெக்கை எல்லாப் பக்கமும். அந்த 60 சென்ரிமீற்றரும் கவசத்தின் ஒரு பகுதிதான். அதைக் கொடுப்பது நீளப் பிடி போட்ட கருவி. 2000களின் தொடக்கத்தில் எங்கட பகுதியில் முற்றத்துக் குப்பை வாருகிற மாதிரி நீண்ட பிடி வாரிகளால் மிதிவெடி அகற்றியதும் அதே காரணத்துக்காகத்தான்.

அவர்களுடைய கால்களுக்கு? அங்கும் உருக்குச் சப்பாத்து இல்லை. இருப்பது ஒரு முறை. முன்னால் இருக்கிற கையளவு நிலத்தைச் சோதித்து முடிக்காமல் முழங்காலை நகர்த்தக் கூடாது. ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர். அந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் பெண்கள், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். நூற்றாண்டுகளாக எந்தக் கம்மாளரும் கால்களுக்குச் செய்து முடிக்காத கவசத்தை இவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். உடம்பை மூடாமல், ஆயுதத்தை எடுத்துவிடுகிறார்கள். 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்ததும் அந்த வழியில் ஓர் அடிதான்.

கவசம் என்றால் இனி எங்களுக்கு அந்தப் படக் கதாநாயகனின் கறுப்பு ஜக்கெற் ஞாபகம் வராது. வடக்கில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒழுங்கையை விட்டு இறங்கி, பற்றைக்குள் விழுந்த பந்தை எடுக்க ஓடுகிறது. கீழே ஒன்றும் வெடிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கால்களில் வெறும் செருப்புத்தான். ஆனால் யாரோ ஒருவர் முழங்காலில் இருந்து அந்த நிலத்தை அதற்கு முன்னரே சோதித்து முடித்திருக்கிறார்.